முல்லையாற்றின் மேற்குக் கரை: கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிளுக்கான சாலைகள்

கம்பம் பள்ளத்தாக்கின் வரைபடத்தை விரித்தால் நீளவாட்டில் மூன்று கோடுகள் தெரியும். தேனியில் தொடங்கி வீரபாண்டி, சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை ஒன்று. மேற்கு மலையடியை ஒட்டி, உத்தமபாளையத்திலிருந்து கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிக்குப் போகும் சாலை இன்னொன்று. மூன்றாவது, முல்லைப் பெரியாறு. சின்னமனூரில் நெடுஞ்சாலையை விட்டு ஆற்றைத் தாண்டினால் மார்க்கையன்கோட்டை. அங்கிருந்து குச்சனூர், அதைத் தாண்டி உப்புக்கோட்டை என்று ஆற்றின் மேற்கே வயல்களுக்கு நடுவில் ஒரு சிறு சாலை போகிறது. நெடுஞ்சாலையில் பறப்பவர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியும் அதைப் போன்ற மற்ற வழிகளைப் பற்றியும்தான்.

கேள்வி எளிமையானது. லாரியும் பேருந்தும் முதுகில் ஹாரன் அடிக்காமல், ஒருவர் தேனியிலிருந்து கம்பம் வரை சைக்கிளில் நிம்மதியாகப் போக இந்தப் பள்ளத்தாக்கில் வழி உண்டா? உண்டு என்றால், அது பத்து வருடம் கழித்தும் இருக்குமா?

சைக்கிள் பயணம் என்றதும் உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது பிரான்சின் நாட்டுப்புறம். அங்கே போகிறவர்கள் மலைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பாராட்டுவதைவிட, சாலையில் வண்டியே இல்லை என்பதைத்தான் அதிகம் பாராட்டுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. பிரான்சில் ஏறக்குறைய 11 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அதில் அதிவேகச் சாலைகளும் தேசியச் சாலைகளும் சேர்ந்து 2 விழுக்காடு அளவுதான். ஆனால் நாட்டின் போக்குவரத்தில் பெரும் பங்கை அந்த 2 விழுக்காடு தாங்கிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் மாவட்டச் சாலைகளும் ஊர்ச் சாலைகளும் குறுகலாக, தரமான தாரோடு, பெரும்பாலும் வெறிச்சென்று கிடக்கின்றன. மிஷெலின் நிறுவனத்தின் வரைபடங்களில் பெரிய சாலை சிவப்பு, நடுத்தரச் சாலை மஞ்சள், சின்னச் சாலை வெள்ளை. கண்ணுக்கு அழகான சாலைக்கு ஓரத்தில் பச்சைக் கோடு வேறு இழுத்திருப்பார்கள். வெள்ளையும் பச்சையும் சேரும் இடமாகத் தேடிப் போவது அந்த நாட்டுச் சைக்கிள்காரர்களின் பழைய பழக்கம்.

அந்தப் பழக்கத்தை வளர்த்தவர்களில் முதன்மையானவர் போல் தெ விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். 1887-இல் சேந்த் எத்தியேன் நகரத்திலிருந்து சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தத் தொடங்கினார். பந்தயம் விடுவதற்கு அல்ல, ஊர் பார்ப்பதற்கே சைக்கிள் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். மலையேற கியர் வேண்டும் என்று அவர் சொன்னபோது பந்தயக்காரர்கள் ஏற்கவில்லை. தூர் தெ பிரான்சு பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937 வரை தடை இருந்தது. மலைப்பாதைகளில் பல்லாயிரம் மைல் ஓட்டிய அந்த மனிதர் 1930-இல் அதே சேந்த் எத்தியேன் நகரத்தின் தெருவில் டிராம் மோதி இறந்தார்.

ஆனால் பிரெஞ்சுச் சாலைகளின் அமைதிக்குப் பின்னால் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்த நாட்டுப்புறம் ஆளற்றுப் போனது. லோசேர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 15 பேர்தான் வாழ்கிறார்கள். பல கிராமங்களில் ரொட்டிக் கடை மூடியாயிற்று, பள்ளிக்கூடம் மூடியாயிற்று. 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 430 பேருக்கு மேல். இதிலும் கணிசமான பகுதி மலையும் காடும் என்று பார்த்தால், சமவெளியில் நெருக்கம் இன்னும் கூடுதல். ஆகவே பிரான்சைப் போல ஆளில்லாத சாலையை இங்கே தேடுவது வீண் வேலை. இங்கே தேட வேண்டியது ஆள் நிறைந்த, ஆனால் வேகம் இல்லாத சாலை. வயல் வேலைக்கு நடந்து போகிற பெண்கள், புல்லுக்கட்டோடு வருகிற மொபெட், மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிற பெரியவர், நின்று நின்று போகிற மினி பஸ்: இவற்றால் சைக்கிளுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. சைக்கிள்காரரும் அவர்களில் ஒருவராகப் போய்விடுவார். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார்தான் தொல்லை. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம் நான்கு மடங்காகும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த வருடம் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

முதலில் ஆற்றின் மேற்குக் கரை. இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். தேனியிலிருந்து வீரபாண்டி வரை நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது கடினம். அந்தச் சில கிலோமீட்டரை விடியற்காலையில் கடந்துவிட வேண்டும். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் பக்கம் ஆற்றைப் பார்த்துவிட்டு உப்புக்கோட்டைப் பக்கம் திரும்பினால் ஓசை சட்டென்று குறையும். கூழையனூர், பாலார்பட்டி, குச்சனூர், மார்க்கையன்கோட்டை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டாற்போல வரும். இரண்டு பக்கமும் நெல், நடுநடுவே வாழை, ஊருக்கு ஊர் தென்னந்தோப்பு. சின்னமனூர்ப் பக்கம் நெருங்கினால் வெற்றிலைக் கொடிக்கால்கள். அகத்திக்குச்சிகளில் கொடி ஏறி, உள்ளே பகலிலும் நிழல் கட்டி, ஈரவாடை சாலைவரை வரும். சித்திரை வெயிலில் கூட அந்த இடத்தைக் கடக்கும்போது உடம்பு குளிரும்.

இந்த வழி இப்படிப் பசுமையாக இருப்பதற்குப் பெரியாறு அணைதான் காரணம். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அந்த அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து பழனிச்செட்டிபட்டி வரை கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். ஜூன் முதல் வாரத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக்குக்கு 2013 ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் மாட்டியிருப்பதை ஓட்டிக்கொண்டு போகிறவர் வழிநெடுகப் பார்க்கலாம்.

சைக்கிள்காரருக்கு இந்த நீர் செய்த உதவி வேறு வகையானது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் வாய்க்கால்கள் மிக மெல்லிய சரிவில் வெட்டப்பட்டன. வாய்க்காலை ஒட்டி ஊர், ஊரை ஒட்டிச் சாலை. ஆகவே இந்தச் சாலைகளில் மூச்சு வாங்கும் மேடு கிடையாது. தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்த நீளத்தில் நிலம் உயர்வது சுமார் 100 மீட்டர்தான். எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஓட்டக்கூடிய ஏற்றம் இது.

பிரான்சிலும் இதற்கு இணையானது ஒன்று உண்டு. துலூசிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர் நீளும் மிடி கால்வாய். 1681-இல் வெட்டி முடித்தது. படகுகளைக் குதிரை கட்டி இழுப்பதற்காகக் கரையில் போட்ட தடம்தான் இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் தேடி வந்து ஓட்டும் சைக்கிள் வழி. கரை நெடுக நட்ட சுமார் 42,000 பிளேன் மரங்களின் நிழல் அதன் பெருமை. 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் அந்த மரங்களைத் தின்கிறது. ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டு, நோய் தாங்கும் வேறு மரங்களை நட்டு வருகிறார்கள். நிழல் போனால் வழியும் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது போன புளியமரங்களுக்கு ஈடாக அதே அளவு நிழல் இன்னும் வரவில்லை.

இரண்டாவது வழி பதினெட்டாம் கால்வாய்க் கரை. லோயர் கேம்ப்பின் தலைமதகில் தொடங்கி, மேற்கு மலையடியை ஒட்டிக் கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம் பக்கமாகப் போடி வட்டாரம் வரை 40 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களின் கண்மாய், குளங்களை நிரப்பவும் 4,614 ஏக்கருக்குப் பயன்படவும் வெட்டியது. அணையில் நீர் போதுமான அளவு இருக்கிற வருடங்களில், மழைக்காலத்தை ஒட்டிச் சில வாரங்கள் மட்டுமே தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் கால்வாய் காய்ந்து கிடக்கும், கரை மட்டும் இருக்கும். ஷட்டர் திறக்கும் லஸ்கரும் பொறியாளரின் ஜீப்பும் போவதற்காக விட்ட மண் தடம் அது. சில இடங்களில் நன்றாக இருக்கிறது. சில இடங்களில் முள் மூடிக் கிடக்கிறது. ஓடை குறுக்கிடும் இடங்களில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. கருவேலமுள் ஒன்று போதும், டியூபை மாற்ற வேண்டியதுதான். அகலமான டயரும் பஞ்சர் ஒட்டும் பழக்கமும் உள்ளவர்கள் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கலாம். முழுநீளத்தையும் இன்றைய நிலையில் ஒரு வழி என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருநாள் சைக்கிளுக்கென்று நீண்ட தடம் வருமானால் அது இங்கேதான் வர வேண்டும். நிலம் ஏற்கெனவே அரசுடையது. குறுக்கே வீடும் கடையும் குறைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் விழும்.

மூன்றாவது, திராட்சை வழி. உத்தமபாளையத்திலிருந்து கிழக்கே திரும்பி ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று சுற்றிக் கம்பம் வந்து சேரலாம். கல்தூண்களில் கம்பி கட்டிய பந்தல்கள் சாலையின் இருபுறமும் தலைக்கு மேல் உயரத்தில் படர்ந்திருக்கும். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ஆண்டு 1832 என்பது அந்தக் குறியீட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் வரலாறு. பிரான்சின் திராட்சைத் தோட்டச் சாலைகளுக்குப் பணம் கட்டிப் போகிறவர்கள் நம்மிலும் இப்போது உண்டு. அவர்கள் ஒருமுறை ராயப்பன்பட்டிச் சாலையில் ஓட்டிப் பார்க்கட்டும். அங்கே வருடத்துக்கு ஒரு அறுவடை. இங்கே முறை வைத்துக் கவாத்து செய்வதால் எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்கும்.

இந்த வழிக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சண்முகாநதி அணையும் சுருளியும் காட்டின் விளிம்பு. 2023 மே மாதக் கடைசியில் அரிசிக்கொம்பன் யானை கம்பம் நகரத்துக்குள் வந்ததையும், பிறகு சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றியதையும், ஜூன் 5 அன்று பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனதையும் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. மலையடிச் சாலைகளில் பொழுது சாய்ந்தபின் சைக்கிள் வேண்டாம்.

மலையேற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக மேகமலைக்கு ஏறும் சாலை, பழகிய கால்களுக்குப் பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த ஏற்றம். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி; வனத்துறைச் சோதனைச்சாவடியின் நேரக் கட்டுப்பாட்டை மதித்துத்தான் போக வேண்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூன்றும் கேரளத்துக்கான வாசல்கள். அவற்றில் அமைதியைத் தேட வேண்டாம்.

சாலை எது என்பதைவிட நேரம் எது என்பது பல சமயம் பெரிய கேள்வி. விடிந்ததும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம், கோம்பை, தேவாரம், போடியிலிருந்து மலையேறும். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அந்த நேரத்தில் மேற்கு மலையடிச் சாலையில் சைக்கிளோடு நிற்பது ஆபத்து. மாலையில் அதே கூட்டம் இறங்கும். கார்த்திகை முதல் தேதி தொடங்கித் தை மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நெடுஞ்சாலையை நிறைத்துவிடும். கூட்டம் மிகும்போது கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகப் போகவிட்டு, குமுளி வழியாகத் திரும்பவிடும் ஒருவழிப் பாதையும் நடைமுறைக்கு வரும். அந்த இரண்டு மாதம் இரவில்கூட நெடுஞ்சாலை ஓயாது. மேற்குக் கரைச் சாலைக்கும் தனி நாட்காட்டி இருக்கிறது. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீசுவர பகவான் கோயிலுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். அன்றைக்கு மார்க்கையன்கோட்டை வழியில் சைக்கிளை எடுப்பவர் சாமி கும்பிடப் போகிறவராக மட்டும் இருக்கட்டும்.

பிறகு காற்று. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகளில் புகுந்து பள்ளத்தாக்கின் நீளத்துக்கு அடிக்கும். ஓடைப்பட்டி, அப்பிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டது சும்மா இல்லை. தேனியிலிருந்து கம்பம் நோக்கி ஓட்டுபவருக்கு அது முகத்தில் மோதும் எதிர்க்காற்று. தரையோ சமம், கால்களோ மலையேறும். அதே ஆளைக் கூடலூரில் இறக்கிவிட்டுத் திருப்பி ஓட்டச் சொன்னால் மிதிக்காமலே உத்தமபாளையம் வந்துவிடுவார். அந்த மாதங்களில் சைக்கிளைப் பேருந்திலோ வேனிலோ ஏற்றிக் கூடலூரில் இறங்கி வடக்கே ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். தை, மாசி இரண்டும் எல்லாவகையிலும் நல்ல மாதங்கள்: மழை இல்லை, காற்று தணிந்திருக்கும், காலையில் பனி, இரண்டாம் போகம் பச்சையாக நிற்கும்.

அறுவடை நேரத்தில் சாலையே களமாகும். புரட்டாசி கடைசியிலோ பங்குனியிலோ இந்தச் சிறு சாலைகளில் வந்தால், பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பிக் கல் அடுக்கி எல்லை கட்டியிருப்பார்கள். ஓர் அம்மா வெறுங்காலால் நெல்லில் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டே நடப்பார். தார்ச்சூடு கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் காயவைக்கும். சைக்கிள் சக்கரம் நெல்லில் ஏறினால் மணலில் ஏறியது போல வழுக்கும். அதைவிட, ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பை மிதித்துக்கொண்டு போவது முறையும் இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. களங்கள் போதாமல்தான் சாலைக்கு வருகிறார்கள். கொள்முதல் நிலையத்துக்கு அருகே நல்ல உலர்களங்கள் கட்டினால் விவசாயிக்கும் நல்லது, சாலைக்கும் நல்லது.

இதுவரை சொன்னது ஊர் பார்க்க வருகிறவரின் கணக்கு. ஆனால் இந்தச் சாலைகளில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேறு. காலை எட்டரை மணிக்கு மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் போகும் வழியில் நின்று பார்த்தால் போதும். அரசு கொடுத்த சைக்கிள்களில் மாணவிகள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே வருவார்கள். முன்கூடையில் பை, கேரியரில் பக்கத்து வீட்டுத் தங்கை. பின்னால் டிப்பர் ஒன்று ஹாரன் அடித்ததும் பேச்சு நிற்கும். ஒருத்தி முன்னே போக, மற்றவள் தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்குவாள். அந்த விளிம்பு சில இடங்களில் சாண் ஆழம். சக்கரம் திரும்பத் தாரில் ஏற மறுத்து ஒரு கணம் ஆடும். லாரி போனபின் புழுதி அடங்கும்வரை இருவரும் காலை ஊன்றி நிற்பார்கள்.

2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டம் தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. அதற்குப் பத்து வருடம் முன்பு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் உலகறிய எழுதினார். வண்டியைக் கொடுத்தோம், ஓட்டவும் கற்றுக்கொடுத்தோம். ஓட்டிப் போகப் பத்திரமான சாலை இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளியூர்ப் பயணிக்குப் பிடிக்கும் அமைதியும், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைக்கு வேண்டிய அமைதியும் ஒன்றல்ல. ஆளரவமற்ற கால்வாய்க் கரை அவருக்குச் சொர்க்கம், அவளுக்குப் பயம். மாலை ஆறு மணிக்கு டியூஷன் முடிந்து வருபவள், கடையும் வீடும் விளக்கும் உள்ள சாலையைத்தான் தேர்ந்தெடுப்பாள். அதனால்தான் மேற்குக் கரையின் ஊர்ச்சாலையை நான் கால்வாய்க் கரைக்கு மேலே வைக்கிறேன். அங்கே கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு. இருவருக்கும் ஒரே சாலை பொருந்த வேண்டுமானால் அது ஊர்களின் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தியாவில் சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்ட முயற்சிகளின் பாடமும் இதையே காட்டுகிறது. உத்தரப் பிரதேசத்தில் எட்டாவா சிங்கச் சரணாலயத்திலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் நெடுஞ்சாலையை 2016 நவம்பரில் திறந்தார்கள். ஆசியாவின் முதல் சைக்கிள் நெடுஞ்சாலை என்று பேசப்பட்டது. பராமரிப்பின்றி, ஆக்கிரமிப்பில் சிதைந்து போனது. ஐதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி, மேலே சூரியத் தகடு வேய்ந்த 23 கிலோமீட்டர் தடம் 2023-இல் திறக்கப்பட்டது. உடற்பயிற்சிக்கு நல்லது, அதில் யாரும் நாற்று நடப் போவதில்லை. கோடிகளைக் கொட்டிப் புதிதாகப் போடுவதைவிட, இருக்கிற சிறு சாலையைச் சிறியதாகவே வைத்துக் காப்பதுதான் கிராமத்துக்குப் பொருந்தும். பிரான்சும் பெரும்பாலும் அதைத்தான் செய்தது. லுவார் ஆற்றை ஒட்டிய சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிள் வழியில் ஆற்றங்கரைத் தடமும் உண்டு, சாதாரண ஊர்ச்சாலையும் உண்டு. பிரிவுக்குப் பிரிவு ஒரு சிறு பலகை வைத்து ஒரே வழியாகக் கோத்தார்கள். சைக்கிளை முந்தும் வண்டி ஊருக்குள் 1 மீட்டரும் வெளியே 1.5 மீட்டரும் விலகிப் போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர்களது பழைய ரயில் பாதைகளும் சைக்கிள் தடமாயின. நம் மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் மூடிப் பல வருடம் கிடந்து, 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. ரயில் வந்ததுதான் நமக்கு நல்லது. ஆகவே அந்த வழி நமக்கில்லை. வாய்க்காலும் ஊர்ச்சாலையும்தான் உண்டு.

மேற்குக் கரைச் சாலைக்கு வரக்கூடிய ஆபத்து, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதாக இருக்காது. நெடுஞ்சாலையில் நெரிசல் என்றதும் மாற்றுவழி தேடுவார்கள். குச்சனூர் பக்தர்களுக்கு வசதி என்று அகலப்படுத்தச் சொல்வார்கள். ஒருவழிக் கிராமச்சாலையின் தார் அகலம் 3.75 மீட்டர். அதில் எதிரே ஆள் வந்தால் கார்க்காரர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதையே 7 மீட்டராக்கினால் வேகமும் வரும், டிப்பரும் வரும். பேசிக்கொண்டு போன பிள்ளைகள் மண்ணுக்கு இறங்கிவிடுவார்கள். ஊருக்குச் சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் போக வேண்டும், வாழைத்தார் சந்தைக்குப் போக வேண்டும். அதற்குத் தேவை குழியில்லாத தார், உடையாத விளிம்பு, வண்டிகள் விலகிக்கொள்ள ஆங்காங்கே அகலமான இடம். இவை போதும். கனரக லாரிக்கு நெடுஞ்சாலையும் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் புறவழிச்சாலைகளும் இருக்கின்றன.

வீரபாண்டி, குச்சனூர், மார்க்கையன்கோட்டை மூன்றும் பேரூராட்சிகள். இடையில் உள்ளவை கிராம ஊராட்சிகள். கால்வாய்க் கரை நீர்வளத்துறையின் பொறுப்பு. இவர்கள் ஒருமுறை கூடி உட்கார்ந்தாலே வேலை பாதி முடிந்துவிடும். முதலில் வீரபாண்டி முதல் மார்க்கையன்கோட்டை வரைக்கும் ஒரு வரைபடம் வரையட்டும். பிரிவுகளில் தமிழில் தெளிவாக ஒரு பலகை. ஊருக்குள் 30 கிலோமீட்டர் வேகவரம்பு. பள்ளி நேரத்தில் டிப்பருக்குத் தடை. தார் விளிம்பில் கிராவல் நிரப்பிச் சமமாக்குதல். வாய்க்கால் ஓரத்தில் புளியும் புங்கனும் நடுதல். பஞ்சர் கடையும் டீக்கடையும் ஏற்கெனவே எல்லா ஊரிலும் இருக்கின்றன. இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவும் இல்லை. மார்க்கையன்கோட்டையிலும் குச்சனூரிலும் பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர், அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் மனு வாங்குகிற அதிகாரியிடமும் இந்தச் சாலையைக் கேளுங்கள். அகலமாகக் கேட்காதீர்கள், பத்திரமாகக் கேளுங்கள்.